தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம் அம்மா

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் கேள்வி இது. பிளஸ் டூ முடித்த மகளைக் கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்லித் தாய்மாமா நெருக்குகிறார். மகளோ நோட்டு ஓரங்களில் படம் வரைந்து, தாள்களை வேகமாகப் புரட்டி அந்தப் படங்களை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறாள். தோட்டத்தை அடகு வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் கிடைத்த விலை அடுத்த மாதம் நிற்பதில்லை. வட்டி மட்டும் தவறாமல் வரும். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்கிறீர்கள். இன்ஜினியரிங்தான் என்றால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் அவள் கை போகும் திசை வேறு. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் ஒரு பட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், கூடவே இணையப் பக்கங்களை அசையவைக்கும் தொழில்.

முதல் ஆறு மாதம் பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல், அதை அழகுபடுத்தும் சிஎஸ்எஸ், அதை இயக்கும் அடிப்படை ஜாவாஸ்கிரிப்ட். இதைத் தாண்டிக் குதித்தால் பிறகு எது உடைந்தது என்றே தெரியாது. அடுத்து ஜிசாப் (GSAP), அசைவுகளுக்கென்றே முன்பே எழுதி வைத்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. 2025 முதல் அதன் பிளகின்கள், அதாவது கூடுதல் கருவிகள், எல்லாமே இலவசம். ஆயிரக்கணக்கில் கேட்கும் கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். ஜிசாப் ஃபைலை லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் மழையில் நெட் போனாலும் பழகலாம்.

பயிற்சிக்கு நம் மலை ரயிலையே எடுக்கட்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை, இன்ஜினின் பல்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பற்களைப் பிடித்து ஏறும் பாதை. அங்கே இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும், வரையும்போதே அதைக் கவனிக்க வேண்டும். பாதையை எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் வரைந்து, கோட்டின் மேல் பொருளை நகர்த்தும் மோஷன்பாத் பிளகினில் ஆட்டோரொட்டேட்டை இயக்கினால் பெட்டி வளைவுக்கேற்பத் திரும்பும். நான்கு பெட்டிகளை ஸ்டேக்கர் (சிறு நேர இடைவெளி) கொடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்போதுதான் சிக்கல் வரும்: வேகம் கூடிக் குறையும் விதத்தைச் சொல்லும் ஈஸ் எதுவும் குறிப்பிடாவிட்டால் அசைவு வேகமாகத் தொடங்கி மெதுவாக முடியும், அதனால் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விரிந்து சுருங்கும். ஈஸை 'நன்' (none) என்று வைத்தால் வேகம் சீராக இருக்கும், இடைவெளி மாறாது.

மேலே பனிமூட்டம் இரண்டு அடுக்கு: ஒன்று நகர்ந்து முடிக்க 12 விநாடி, மற்றது முடிக்க 18. நகர்த்துவது ஜிசாப்பின் எக்ஸ் (x) மதிப்பால்தான் இருக்க வேண்டும். சிஎஸ்எஸ்ஸின் 'லெஃப்ட்' (left) மதிப்பை மாற்றினால் பிரவுசர் ஒவ்வொரு முறையும் பக்க அமைப்பையே திரும்பக் கணக்கிடும். நொடிக்கு 60 ஃபிரேம்கள் ஓட ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16 மில்லிசெகண்டுதான் உண்டு, விலை குறைந்த போன் அங்கே திக்கும். அதே படத்துக்கு சிஎஸ்எஸ்ஸின் சொந்த அசைவான டிரான்சிஷனும் இருந்தால் இரண்டும் இழுத்துக்கொண்டு அசைவு தடுமாறும், டிரான்சிஷனை எடுத்துவிட வேண்டும்.

பக்கத்தை உருட்டும்போது அசைவைத் தொடங்கும் ஸ்க்ரோல்டிரிகர் பிளகினைப் பழகும்போது, தொடங்கும், முடியும் இடங்களைக் காட்டும் மார்க்கர்ஸ் தெரியும்படி வைக்கட்டும். படங்களுக்கு அகலமும் உயரமும் எழுதாவிட்டால் அவை தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ளும், அசைவு தவறான இடத்தில் தொடங்கும். தமிழ்த் தலைப்புகளை அசைக்கும்போது சொல் சொல்லாகப் பிரிக்கட்டும். எழுத்தாகப் பிரித்தால் கொம்பும் துணைக்காலும் தனியே சிதறக்கூடும். அசைவு பார்த்தால் தலைசுற்றுபவர்கள் உண்டு, போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு அந்த அமைப்பைக் கண்டறியும் ஜிசாப்பின் மேட்ச்மீடியா வழியாக நிலையான பக்கத்தைக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு வேலையை முடிந்தது என்று சொல்ல அவளை விடாதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: வெறும் அனிமேஷனுக்கென்று யாரும் ஆள் எடுப்பது அரிது. இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் ஃபிரன்ட் எண்ட் டெவலப்பர் வேலைக்குத்தான் எடுப்பார்கள். அதில் அசைவு அவளைத் தனியாகக் காட்டும். முதலாம் ஆண்டு முடிவதற்குள் அவளே செய்த மூன்று பக்கங்கள் இணையத்தில் இருக்க வேண்டும். ஒன்றுகூட முடிக்காவிட்டால் அவளுக்கு இதில் மனமில்லை என்று பொருள், அப்போது திட்டாமல் வேறு வழி பேசுங்கள்.

மாமாவுக்கு உதவ ஆசை என்றால், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப் ஒன்று வாங்கித் தரட்டும். கேமிங் மாடல் வேண்டாம்.