பின்னால் வரும் அந்தச் சத்தம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாளிலிருந்து உங்களைப் படித்து வருகிறேன். சொந்த ஊர் மன்னார்குடி, வேலை பெங்களூருவில். அடுத்த மாதம் எனக்கு 30 வயது முடிகிறது. அதையொட்டி, வாழ்க்கை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களை எழுதிப் பார்த்தேன். யாரிடமும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அதிகாலையில் எழ வேண்டும். யாருக்கும் ஒத்து ஊதக் கூடாது. மூன்றாவதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னோடு சேர்ந்தவன் மேலாளருக்கு ஒத்து ஊதியே பதவி உயர்வு வாங்கிவிட்டான், நான் அப்படியே இருக்கிறேன்.

மனம் சோர்ந்தால் இளையராஜா பாடல்கள். தூக்கம் வராவிட்டால் நாகேஷ் நகைச்சுவைத் துணுக்குகள், ஒன்றரை மடங்கு வேகத்தில். நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்களே என்று நாதஸ்வரமும் கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. பழைய ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த பாடல்கள், நகைச்சுவைக் காட்சிகள், படங்கள் எவை? அவற்றிலிருந்து நீங்கள் கற்ற பாடங்களையும் சேர்த்து எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதமும் மூன்று வாரம் அப்படித்தான் கிடந்தது. மறுபடி எடுத்துப் படித்தபோது 'பின்னால் ஒரே சத்தம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். யாரிடமும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று எழுதிய கையோடு என்னிடம் பதிலை எதிர்பார்க்கிறீர்கள். அந்தப் பாடம் நான்கு பத்தி கூடத் தாங்கவில்லை. அதிகாலையில் எழுவது நல்லதுதான், எங்கள் ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் எழுகிறார்கள். இளையராஜாவைப் பற்றி நான் எழுதி உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கேளுங்கள்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். ஒலிப்பதிவில் கோளாறு ஏதும் கிடையாது. நீங்கள் கேட்டது ஒத்து. 'யாருக்கும் ஊதக் கூடாது' என்று மூன்றாவது பாடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதே ஒத்து. பார்த்ததும் இல்லை, கேட்டபோது அடையாளமும் தெரியவில்லை, ஆனால் அதைக் கொண்டு ஒருவனைத் திட்ட மட்டும் தெரிந்திருக்கிறது. உங்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. தமிழ்நாடே அப்படித்தான் திட்டுகிறது.

ஒத்து என்பது நாதஸ்வரம் போலவே இருக்கும் குழல். வாயில் வைத்து ஊதும் அதே நாணல் சீவாளி, அதைச் செருகும் அதே கெண்டை, மரத்தில் கடைந்த அதே உலவு, கீழே மணி போல விரியும் அதே அணசு. ராகம் வாசிக்க விரல் துளைகள் மட்டும் இருக்காது. அடிப்பக்கத்தில் சில துளைகள் உண்டு, அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதன் பிறகு அதில் ஒரே ஸ்வரம்தான். மேளம் தொடங்குவதற்கு முன்பு அது தொடங்க வேண்டும், முடிந்த பிறகுதான் அது நிற்க வேண்டும். இடையில் மூச்சு வாங்க இடமே இல்லை. கன்னத்தில் காற்றை நிறுத்தி, அதைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுக்க வேண்டும். பப்பாளி இலைக் காம்பைச் சொம்புத் தண்ணீருக்குள் விட்டு ஊதிப் பழகுவார்கள். குமிழி ஒரு நொடி நின்றாலும் முதுகில் ஒன்று விழும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தாய்மாமன் ஒத்துக்காரர். குத்தாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஓட்டு வீடு. போன மாதம் அதைக் காலி செய்தோம். பரணில் பித்தளைத் தவலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை, அதற்குள் வேட்டித் துணி சுற்றிய அவருடைய ஒத்து. அணசில் ஒரு கீறல். அடித்துளை ஒன்றில் மெழுகு அப்படியே இருந்தது. அதன்மேல் கட்டைவிரல் ரேகை, சாணியில் பதிந்த கோழிக்கால் போலத் தெளிவாக. மாமா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வீட்டில் மற்றவர்கள் பாத்திரங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மெழுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து உங்கள் கடிதத்தை எடுத்தால், 'ஒத்து ஊதக் கூடாது'!

எங்கள் பக்கத்தில் நாதஸ்வரத்தைப் பற்றிப் பேச ஆளுக்குக் குறைவில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் திருவாவடுதுறை. அந்த ஊர் ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உச்ச சுருதியில் ஒலிக்கும் திமிரியை விட்டு நீண்ட பாரிக்கு மாறியதையும், அவருடைய தோடி ராகத்தையும் பற்றி எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இன்றைக்கும் சண்டை நடக்கும். குழல் நீண்டு சுருதி இறங்கியபோது பின்னால் நின்ற ஒத்தும் சேர்ந்து இறங்க வேண்டியிருந்தது. அந்தச் சண்டையில் ஒருவர் வாயிலும் அது வருவதில்லை.

உங்கள் அலுவலகத்துக்காரனுக்கு வருகிறேன். மேலாளர் மழை என்றால் மழை என்கிறான், மதியம் அவரே வெயில் என்றால் வெயில் என்கிறான். அவன் ஊதுவது ஒத்தா? யோசித்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் எங்கே வேண்டுமானாலும் போவார். மேல் சட்ஜத்தைத் தொடுவார், கீழே இறங்குவார், கல்யாணியிலிருந்து காம்போதிக்குத் தாவுவார். ஒத்து அவரோடு எங்கேயும் போகாது. விட்ட இடத்திலேயே நிற்கும். சுற்றிவிட்டு அவர்தான் அதனிடம் திரும்பி வர வேண்டும், வந்து சேராவிட்டால் அபஸ்வரம் அவருடையது. ஆக, மேளத்தில் ஒத்துப்போக வேண்டியவர் பெரிய வித்வான். அசையாமல் நிற்கும் உரிமை உள்ள ஒரே ஆள் ஒத்துக்காரர். எஜமான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனுக்கு அந்தப் பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ! பின்னால் நிற்கிறான், சம்பளம் குறைவு, பார்த்தால் ஆமாம் போடுகிறவன் போல இருக்கிறது. காதைக் கொடுத்துக் கேட்காமல் கண்ணால் பார்த்து வைத்த பெயர். உங்கள் ஆளை வேறு எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் கூட நின்று திட்டுகிறேன். இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

மாமாவே இதைச் சொல்லிச் சிரிப்பார். 1980-களில், ஒத்தின் வேலையைச் செய்யும் சுருதிப்பெட்டி எல்லா மேளத்திலும் நுழைந்தது. பெட்டிக்குச் சாப்பாடு வேண்டாம், பஸ் டிக்கெட் வேண்டாம், பந்தியில் இலை போட வேண்டாம். ஒத்து போனதும் மாமாவின் கையில் தாளத்தைக் கொடுத்தார்கள். ஊர் வாயில் அதற்குப் பெயர் ஜால்ரா. "முதலில் ஒத்து, இப்போது ஜால்ரா. கட்சியில் சேர்ந்திருந்தால் இந்நேரம் மந்திரி ஆகியிருப்பேன்" என்பார். அவர் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை இது. பட்டியல் கேட்டீர்களே, முதல் வரியாக இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரி, 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் இடம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில். நான் அதைப் பார்த்தது எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில், மணல் குவித்து உட்காரும் தரை டிக்கெட்டில், மாமாவின் பக்கத்தில். படம் பழையதாகி எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் படம் போடப்போகிறார்கள் என்று அர்த்தம். வயலில் நிற்பவர்கள் கூடக் கால் கழுவிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, இடைவேளை விட்டபோதெல்லாம் முறுக்கு.

கதை சொல்லும் காட்சி வந்தது. கொட்டகையே நாகேஷைப் பார்த்து உருண்டது. மாமா என் தலையைப் பிடித்துத் திருப்பி, "நாகேஷை அப்புறம் பார்க்கலாம். பாலையாவைப் பாரடா. சுருதி அங்கே இருக்கிறது" என்றார்.

பார்த்தேன். கதவு கிறீச்சிடுகிறது, யாரோ நடந்து வருகிறார்கள் என்று நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக்கொண்டு எங்கெங்கோ போகிறார். பாலையா உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. பயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் முகத்தில் வைத்திருக்கிறார். எச்சில் விழுங்குகிறார். அவர் பயப்படப் பயப்பட நாகேஷின் கதை வளர்கிறது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் ஓர் ஒல்லி மனிதர். இயக்குநர் ஸ்ரீதரே இந்தப் படத்தை 1966-இல் இந்தியில் எடுத்தார். அங்கே கதை சொன்னவர் மெஹ்மூத், கேட்டவர் ஓம் பிரகாஷ். ஃபிலிம்பேர் விருது கதை சொன்னவருக்குக் கிடைத்தது. வேறு யாருக்குக் கிடைக்கும்?

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியும் அப்படித்தான். கவுண்டமணி கேள்வியை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் செந்திலிடமிருந்து வருவது ஒரே பதில், ஒரே குரலில். அந்தப் பதில் ஒரு முறை மாறியிருந்தாலும் காட்சி அங்கேயே விழுந்திருக்கும். படத்தில் அவர்கள் மேளக்காரர்கள் என்பது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு திருப்தி.

இப்போது சொல்லுங்கள், தம்பி, இதை எதற்காக ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறீர்கள்? எந்தப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்? துணுக்கு வெட்டுகிறவன் முதலில் வெட்டுவது பாலையா சும்மா இருக்கும் நொடிகளை. அவன் மிச்சம் வைத்ததை நீங்கள் வேகம் கூட்டி நசுக்குகிறீர்கள். தூக்கம் வரவில்லை என்று வேறு குறைப்படுகிறீர்கள். எப்படி வரும்?

அன்று அந்தக் கொட்டகையில் மாமாவின் பேச்சு எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். ஆறேழு வருடம் கழித்துக் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதியில் "உன் மாமா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். "நாதஸ்வர வித்வான்" என்று சொன்னேன். ஒத்து என்று சொல்ல வாய் வரவில்லை. பொய்யும் வளர்ந்தது. திருவாரூரில் வாசித்தார், சிதம்பரத்தில் வாசித்தார் என்று ஊர் ஊராக அனுப்பிவைத்தேன். அங்கெல்லாம் அவர் போனது உண்மைதான், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டாத கடைசி வரிசையில் நடந்துகொண்டே.

1981-இல் நண்பன் ஒருவனின் அக்காவுக்குக் கல்யாணம். மாமாவுக்கும் தனியாகப் பத்திரிகை அனுப்பியிருந்தார்கள். சலவை வேட்டி, தோளில் துண்டோடு வந்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு நேரம். பெரிய நாதஸ்வரக்காரர் வர வேண்டிய பஸ் இன்னும் வரவில்லை. கூட வாசிக்கும் பையனும் தவில்காரரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நண்பனின் அப்பா நேராக மாமாவிடம் வந்து கைகூப்பினார். "வித்வான் நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன கவலை? அவர் வரும்வரை ஒரு தோடி வாசிக்க வேண்டும்."

எனக்குக் கால் நடுங்கியது. மாமா இளவயதில் நாதஸ்வரம் கற்றவர்தான், விரல் பேசவில்லை என்று விட்டுவிட்டார். தவில்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும், இருபது வருடம் ஒரே மேளத்தில் போனவர்கள். மாமா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பையனிடமிருந்து நாதஸ்வரத்தை வாங்கினார். கொத்தாகத் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை எடுத்து உதட்டில் நனைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, "சீவாளி சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

அத்தனை சீவாளியுமா என்று கேட்கப் பையன் வாயைத் திறந்தான். தவில்காரர் அவன் காலை மிதித்துவிட்டு, வாரை இழுத்துக் கட்டியபடியே, "ஆமாம் ஐயா, ஈரக்காற்று. இன்றைக்கு ஒன்றும் பேசாது" என்றார். நண்பனின் அப்பா பயபக்தியோடு ஒதுங்கிவிட்டார். பெரிய வித்வான் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

இரவு பஸ் நிலையத்தில் மாமா எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தார். நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. பஸ் ஏறும்போது மட்டும், "தோடியைக் கேட்டுவிட்டார் பார். 'ச'வைக் கேட்டிருந்தால் விடியும்வரை வாசித்திருப்பேன்" என்றார்.

பிடித்த பாடல்களையும் அவற்றிலிருந்து கற்ற பாடங்களையும் கேட்டிருந்தீர்கள். அதற்குள் இவ்வளவு எழுதிவிட்டேன், இன்னொரு நாள் பார்க்கலாம். அந்தப் பழைய ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை வித்வானை விட்டுவிட்டுப் பின்னால் வரும் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

காலி செய்த வீட்டிலிருந்து அந்த ஒத்தை நான்தான் எடுத்து வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை துணியைப் பிரித்து, ஒட்டிக்கொண்டிருந்த சீவாளியைத் தண்ணீரில் ஊறவைத்து, திண்ணையில் உட்கார்ந்து ஊதிப் பார்த்தேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம், வெறும் காற்று வந்தது. விளையாடிக்கொண்டிருந்த பேரன் ஓடி வந்து, "என்ன தாத்தா, சத்தமே வரவில்லை?" என்று கேட்டான்.

சீவாளி சரியில்லை என்றேன்.