ஐப்பசி மழையில் வீடு மாறுவது: லோரிக்கார அண்ணன் பதில் சொல்கிறார்

கோலாலம்பூரில் இருபது வருடமாக வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. தீபாவளி நெருங்கும் மாதத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மழை வந்தால் என்ன செய்வது? வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, கேட்டவரின் வட்டாரப் பெயரோடு, இங்கே பதில்.

செந்தூல்: அண்ணே, ஐப்பசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். காலை 10.30க்குப் பால் காய்ச்ச வேண்டும். அன்றைக்கே லோரியும் வருகிறது. மழை பெய்தால்?

ஆடியையும் புரட்டாசியையும் மார்கழியையும் தள்ளிவிட்டால் நம்மவர்களுக்குக் கிடைப்பது சித்திரை, ஐப்பசி, கார்த்திகை மாதிரியான மாதங்கள். இந்த ஊரில் மழை அதிகம் கொட்டுவதும் ஏப்ரலிலும் நவம்பரிலும்தான். பஞ்சாங்கம் நம் கோலாலம்பூர் வானத்தைப் பார்த்து எழுதியதில்லை, என்ன செய்வது!

முகூர்த்த நாளை மாற்ற வேண்டாம் தங்கச்சி, லோரி வரும் நாளை மாற்றுங்கள். பால் காய்ச்சுவதும் சாமான் ஏற்றுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று எந்த ஐயரும் என்னிடம் சொன்னதில்லை. குறித்த நேரத்தில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் பாத்திரம் இதையெல்லாம் காரில் கொண்டு போய்ப் பாலைப் பொங்க வையுங்கள். லோரிக்கு அடுத்த நாலைந்து நாளில் இரண்டு தேதி பேசி வையுங்கள். சாமி படங்களை மட்டும் லோரியில் போடாதீர்கள். பின்பக்கம் வெறும் அட்டைதான், ஈரம் பட்டால் உப்பிவிடும்.

கெப்போங்: எத்தனை மணிக்கு ஏற்ற ஆரம்பிப்பது நல்லது?

காலை ஏழரை. எட்டு என்று சொன்னால் ஆட்கள் எட்டரைக்கு வருவார்கள், நானும் அந்த இனம்தான்.

நம் பக்கத்து மழைக்கு ஒரு கணக்கு உண்டு. காலை வெயில் தரையைச் சுட வைக்கிறது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து தித்திவாங்சா மலைப்பக்கம் மேலே எழும்புகிறது. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியோடு ஊற்றுகிறது. அதனால் கடைசி பெட்டி பகல் ஒன்றரைக்குள் உள்ளே போய்விட வேண்டும். இதற்கு விதிவிலக்கு, சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடிக்கும் காற்றுமழை. அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அன்றைக்கு ஆட்களைத் திருப்பி அனுப்பாதீர்கள், உட்கார வைத்து தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.

முதல் நாள் இரவு வானிலை இலாகாவான மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். காலையில் மழை ராடார் படத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஒரு வாரத்துக்கு முந்திய முன்னறிவிப்பை நம்பி நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

பங்சார்: எங்கள் கொண்டோவில் (அடுக்குமாடியில்) பத்து மணிக்கு மேல்தான் சாமான் லிஃப்ட் கொடுப்பார்களாம். அப்படியானால் மழையில் மாட்டிக்கொள்வோமே?

பழைய வீட்டில் ஏழரைக்கே ஏற்றிவிட்டு, பத்து மணிக்குக் கொண்டோ வாசலில் நில்லுங்கள். முன்கூட்டியே மேனேஜ்மெண்டில் மூன்று விஷயம் கேளுங்கள். மழை என்றால் தேதி மாற்றலாமா, கட்டிய டெபாசிட் எப்போது திரும்பும், லோரி எங்கே நிற்கலாம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பேஸ்மெண்ட் உயரம் லோரிக்குப் போதாது. கடைசியில் லோரி வெளியே நிற்க, ஐம்பது மீட்டர் திறந்த வெளியில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரும். கூரையுள்ள இறக்குமிடம் இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

லிஃப்ட் வரைக்கும் பழைய அட்டைகளை விரித்துப் போடுங்கள். ஈர மார்பிளில் வழுக்கி விழுந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலாயாங்: கன்வாஸ் போட்ட லோரிக்கு வாடகை குறைவு. நாலு பக்கமும் மூடிய பாக்ஸ் லோரி அவசியமா?

மழை மாதத்தில் அவசியம். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

கன்வாஸ் மேலிருந்து விழும் தண்ணீரைத் தடுக்கும், சரி. ஆனால் நெடுஞ்சாலையில் போகும்போது காற்று ஓரத்தைத் தூக்கும், பக்கவாட்டுச் சாரல் உள்ளே வரும். இந்தக் காலத்து அலமாரி, டிவி மேசை எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. வெட்டிய ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ரொட்டி மாதிரி உப்பும், காய்ந்த பிறகும் பழைய வடிவத்துக்கு வராது. இதை நானே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வீட்டையே கன்வாஸ் லோரியில் மாற்றினேன். ஜாலான் ஈப்போவில் கொட்டியது. மனைவியின் அலமாரிக் கதவு அதற்குப் பிறகு மூடவே இல்லை. லோரிக்காரன் வீட்டு அலமாரி என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

பாக்ஸ் லோரியிலும் அட்டைப் பெட்டியைத் தரையில் நேராக வைக்காதீர்கள். ஆட்களின் காலணியிலிருந்தே தண்ணீர் சேரும். அடியில் பிளாஸ்டிக் தோங் (பெரிய டப்பா), அதற்கு மேல் அட்டைப் பெட்டி.

பூச்சோங்: ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் மிஷின்?

ஐஸ்பெட்டியை நிறுத்தியே கொண்டு போங்கள். போனதும் சில மணி நேரம் விட்டுச் சுவிட்சைப் போடுங்கள். படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நாள் நிறுத்தி வைத்துவிட்டுப் போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்ப இறங்க வேண்டும். முன்பக்கக் கதவு மிஷினுக்கு, வாங்கியபோது கழற்றிய, உள்தொட்டி ஆடாமல் பிடிக்கும் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டுங்கள். காஸ் தோங்கை (சிலிண்டரை) மூடிய பாக்ஸுக்குள் ஏற்ற நான் விடுவதில்லை.

பிரிக்பீல்ட்ஸ்: அம்மாவின் பட்டுப்புடவைகளை பிளாஸ்டிக்கில் சுற்றலாமா?

அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும். முதலில் பழைய வேட்டியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக். அன்று இரவே பிரித்துவிடுங்கள். உள்ளே ஈரக்காற்று அடைந்தால் ஜரிகை கறுக்கும், பூஞ்சையும் வரும். மெத்தைக்கும் இதே கதை. இறக்கியதும் உறையைக் கிழித்து, சுவரில் சாய்த்து, ஃபேன் போடுங்கள்.

செந்தூல் (மீண்டும்): டிவி நனைந்துவிட்டால்?

சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் காய விட்டு, கடைக்காரரிடம் காட்டுங்கள்.

ஷா ஆலம்: புது வாடகை வீடு தாழ்வான இடத்தில் இருக்கிறது. 2021க்குப் பிறகு பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் சாமான் ஏற்றப் போனேன். ஏற்ற என்ன இருந்தது? குப்பைதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நல்ல மழை பெய்த மறுநாள் போய் வீட்டைப் பாருங்கள். சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா, கீழ்ப் பகுதியில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா, அக்கம்பக்கத்தில் பிளக் பாயிண்ட்டை உயரத்தில் மாற்றியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததைப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார்.

பக்கத்து ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால் இலாகாவின் இன்ஃபோ பஞ்ஜிர் இணையத்தில் பார்க்கலாம். வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று படிப்படியாகக் காட்டும். அமாரான் என்று வந்தால் அன்றைக்கு லோரி வேண்டாம். சாதாரண தீ இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குச் சேராது. வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு ஹவுஸ்ஹோல்டர் பாலிசி எடுக்கலாம். காரின் முழு இன்சூரன்ஸிலும் வெள்ளத்தைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

அம்பாங்: வெள்ளநீரும் வண்டியும் போகிற ஸ்மார்ட் சுரங்கம் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாமே?

லோரிக்கு அங்கே அனுமதி கிடையாது. காரில் வரும் நீங்களும் அதை நம்பியிருக்க முடியாது, கனமழை என்றால் வண்டிகளை வெளியேற்றிவிட்டு அதைத் தண்ணீருக்குத் திறந்துவிடுவார்கள். மாற்று வழியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெப்போங் (மீண்டும்): ஏற்றும்போது இடி இடித்தால் தொடரலாமா?

கூடாது. திறந்த கார் பார்க்கில் இரும்புத் தள்ளுவண்டியோடு ஆளை நிற்க வைக்காதீர்கள். லோரிக் கதவை மூடிவிட்டு அஞ்சடிக்கோ (கடை முன்னால் கூரையுள்ள நடைபாதைக்கோ) வீட்டுக்குள்ளோ போய்விடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு லோரிக்காரர் எவ்வளவு கேட்பார் என்பதை மட்டும் முன்பே பேசி வையுங்கள். நான் முதல் ஒரு மணி நேரத்துக்கு வாங்குவதில்லை. எல்லாரும் அப்படியில்லை.

பங்சார் (மீண்டும்): ஆட்களுக்குச் சாப்பாடு?

நாசி லெமாக் போதும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட விடாதீர்கள், புது வீட்டுக்கு எறும்பும் சேர்ந்து குடிவரும்.