குச்சிக்கிழங்கும் ஒரு கம்பியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா போன மாதம் தவறிவிட்டார். அரூர் பக்கம் எங்கள் ஊரில் அவருக்குப் பேரே மிலிட்டரிக்காரர்தான். பெங்களூர் அல்சூரில் பயிற்சி எடுத்து, சாப்பராக, அதாவது ராணுவத்தின் பொறியியல் பிரிவுச் சிப்பாயாக, 1971 பாகிஸ்தான் சண்டைக்குப் போனவர். ஆனால் சண்டையைப் பற்றிப் பேசவே மாட்டார். கேட்டால், "பள்ளம் வெட்டினோம், மேடு பண்ணோம், வேறென்ன" என்பார். டிரங்குப் பெட்டியில் இரண்டு பதக்கங்கள் இருக்கின்றன. ஒன்று வட்டம். நட்சத்திரம் போல இருப்பதில் 'பஸ்சிமி ஸ்டார்' என்று போட்டிருக்கிறது.

காரியத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். 'எதிரிகளை வென்ற மாவீரர்' என்று அச்சகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. தாத்தா என்றால் எனக்கு ஞாபகம் வருவது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடுதான். நாங்கள் கடப்பாரையைப் போட்டு நெம்புவோம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெல்லிசான கம்பி ஒன்றை மண்ணில் சாய்வாகச் செருகி, சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகுதான் தோண்டுவார். ஊரே சிரிக்கும். மலரில் என்ன எழுதலாம், சொல்லுங்கள்.

(பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்களைச் செல்லமாக அழைப்பதும் தம்பி என்றுதான். உங்கள் தாத்தா ரொம்ப வருஷம் தம்பியாக இருந்திருக்கிறார்.

அந்தக் கம்பிக்கு வருகிறேன். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் சாப்பரின் வேலை அதேதான். தரையோடு தரையாகக் கிடந்து, மண்ணில் கம்பியைச் சாய்வாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செருக வேண்டும். நட்டுக்குத்தலாகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும். தலையில் அழுத்தம் விழுந்தால் வெடிக்கும். சாய்வாகப் போனால் விலாவில் இடிக்கும். இடிப்பது கல்லா தகரமா என்று விரல்தான் சொல்ல வேண்டும். இதைக் கற்ற கை கிழங்குக்காட்டிலும் வேறு மாதிரி போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. கிழக்கே போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார். மேற்கில் சண்டை டிசம்பர் 3 முதல் 17 வரை. ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், 15ஆம் தேதி இரவு கண்ணிகளுக்கு நடுவே பாதை முழுசாகத் திறக்கும் முன்பே நம் டாங்குகள் உள்ளே போயின. மறுநாள் அங்கே இறந்த டாங்குப் படை அதிகாரி அருண் கேத்ரபாலுக்குப் பரம்வீர் சக்கரம். வயது 21. அந்தப் பேர் எல்லோருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அவர் டாங்குக்கு முன்னால் இருட்டில் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்களும் உண்டு. உங்கள் தாத்தா அங்கே இருந்தாரா? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய ரெஜிமெண்டைத் தேடிப் பாருங்கள். வட்டப் பதக்கத்தின் விளிம்பையும் பாருங்கள், எண்ணும் பேரும் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

மாவீரர் வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர்த் தொறு, அதை மீட்டுப் பட்டவன், அதாவது செத்தவன் யார், அவ்வளவுதான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டம் எதுவும் இல்லாததாலேயே அந்த ஆள் எனக்குக் கண்ணில் தெரிகிறான். அதே மாதிரிக் கல்லை நம் காட்டோரங்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். கல் சாமியாகிவிட்டது, ஆள் பேர் போய்விட்டது. மாவீரர் என்று அச்சடித்தால் தாத்தாவுக்கும் அதே கதிதான்.

இன்னொன்றும் உண்டு. நடுகல் பட்டவனுக்கு மட்டும்தான். மந்தையை மீட்டு, உயிரோடு வீடு வந்து, பிறகு ஐம்பது வருஷம் காடு பார்த்தவனுக்குக் கல் கிடையாது. நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள் என்று ஆறு படி சொல்கிறது. திரும்பி வந்தவனுக்கு அதில் ஒரு படியும் இல்லை. அந்த ஐம்பது வருஷத்தை வீட்டுக்காரர்கள்தான் எழுத வேண்டும்.

ஆகவே பேர், ஊர், படை எண், பஸ்சிமி ஸ்டார், அதற்குக் கீழே நீங்கள் எனக்கு எழுதிய அந்தக் கிழங்குக்காட்டு வரிகள். ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். "பள்ளம் வெட்டினோம், மேடு பண்ணோம்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது அவரே சொன்னது.

பாட்டி இருக்கிறார் என்றால் குடும்ப ஓய்வூதியத்துக்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தாமதிக்காமல் கேட்டுவிடுங்கள்.

அந்தக் கம்பி எங்கே இருக்கிறது? கூரையில் செருகியிருந்தால் முதலில் அதை எடுத்துப் பெட்டியில் வையுங்கள். காரியத்துக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நிற்பார்.