வழக்கில் வென்றும் ஆன்டிகுவாவுக்கு ஏன் பலன் இல்லை?

உலக வர்த்தக அமைப்பில் ஏழை நாடு வென்றால் பணக்கார நாடு பணிந்துதானே ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏட்டளவில் சரி.

ஒரு லட்சம் பேர்கூட இல்லாத கரீபியன் தீவு நாடு ஆன்டிகுவா-பார்புடா. தன் இணையச் சூதாட்ட நிறுவனங்களை அமெரிக்கா தடுப்பதாக 2003இல் வழக்குத் தொடுத்தது; 2005இல் மேல்முறையீட்டிலும் முக்கிய அம்சத்தில் வென்றது. அமெரிக்கா அசைந்துகொடுக்கவில்லை.

தீர்ப்பை நிறைவேற்ற, உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் அமீனா கிடையாது. வென்றவர் பதிலடியாகத் தோற்றவரின் சரக்குக்கு வரி போடலாம், அவ்வளவுதான். ஆன்டிகுவா அப்படிச் செய்தால் வலி யாருக்கு? அமெரிக்கச் சரக்கை நம்பி வாழும் சொந்த மக்களுக்கே விலை ஏறும். எனவே 2007இல் நடுவர்கள் விசித்திரமான வழியைக் காட்டினார்கள்: ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை போன்றவற்றை மதிக்காமல் இருக்கலாம். ஆன்டிகுவா கேட்டதோ 344 கோடி! முறையான அனுமதி 2013 ஜனவரியில்தான் வந்தது. கையில் கிடைத்த அந்த ஆயுதத்தையும் அது வீசவில்லை. வல்லரசைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிவு வரும்?

வழக்குச் செலவைக் குறைக்க ஜெனீவாவில் சலுகைக் கட்டணச் சட்ட ஆலோசனை மையம் 2001 முதல் இயங்குகிறது. ஆனால் 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பே முடங்கிவிட்டது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தாலே போதும், வழக்கு கிடப்பில் விழுந்துவிடும்.