1900களின் தொடக்கத்தில் அமெரிக்கா உள்நாட்டில் சீர்திருத்தம் பேசிக்கொண்டே வெளியே நாடு பிடித்ததே, இது முரண்பாடு இல்லையா?

கேள்வியைப் பார்த்தால் யூபிஎஸ்சி மெயின்ஸுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. "முற்போக்குக் காலம்" ஒரு பாடம், "ஏகாதிபத்தியம்" இன்னொரு பாடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு வரைபடம். அப்படியென்றால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிலைப் பரீட்சையில் எழுதினால் மார்க் விழாது. நான் வரலாறு படித்தவன் இல்லை. பதினாறு வருஷம் கப்பலில் இன்ஜினியராக இருந்து, முதுகு போய், இப்போது தூத்துக்குடியில் கரை வேலை பார்க்கிறேன். ஆனால் இதே விஷயத்தை ஒரு தடவை ஒருத்தரிடம் வாய்கிழியப் பேசி, நின்ற இடத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

2007. நியூ ஆர்லியன்ஸில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு ஜப்பான் போகிறோம், வழி பனாமா கால்வாய். நான் தேர்ட் இன்ஜினியர். கால்வாயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அட்லாண்டிக் பக்கம் காத்தூன் என்ற இடத்தில் மூன்று தொட்டிகள் படிக்கட்டு மாதிரி இருக்கும், அதைத்தான் லாக் என்பார்கள். கப்பலை 26 மீட்டர் தூக்கி ஏரியில் விடும். தண்ணீரை ஏற்ற பம்ப் கிடையாது. ஏரித் தண்ணீரே பள்ளத்துக்கு ஓடிவந்து தொட்டியை நிரப்புகிறது. தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், எங்கள் கப்பலின் அகலம் 32.2. இரண்டு பக்கமும் இரண்டடிதான் இடைவெளி. ஓரத்தில் நின்று கையை நீட்டினால் கான்கிரீட்டைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். 1914-ல் திறந்த கான்கிரீட் அது. இன்ஜினியராக இருப்பவன் எவனும் அங்கே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்பான்.

காத்தூனில் கால்வாய் நிர்வாகத்தின் வடம் பிடிக்கும் ஆட்கள் கப்பலில் ஏறிக்கொள்வார்கள். ஏரியைக் கடக்கும் வரை அவர்களுக்கு வேலை இல்லை. வாட்ச் (என் முறை வேலை) முடிந்து மேலே வந்தபோது, அறுபதை நெருங்கும் கருப்பு மனிதர் ஒருவர் ஹாட்ச் (சரக்கு அறையின் வாய்) ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம். அப்போதுதான் கால்வாய் பற்றி ஒரு புத்தகம் படித்து முடித்திருந்தேன், அந்த அறிவை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

ஆரம்பித்தேன். 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தோண்டிப் பார்த்து, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் சுமார் 22,000 பேரைச் சாகக் கொடுத்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் கட்டிலில் எறும்பு ஏறக் கூடாதென்று கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்களாம். கொசு அந்தக் கிண்ணத்திலேயே முட்டையிட்டது. பிறகு 1904-ல் அமெரிக்கா வந்தது, கூடவே கோர்கஸ் என்ற ராணுவ டாக்டர் வந்தார். கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று கியூபாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற டாக்டர் 1881-லேயே சொல்லியிருந்தார், யாரும் சட்டை செய்யவில்லை. 1900-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீட் குழு சோதித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். கோர்கஸ் வீடு வீடாகப் புகை போட்டார், தேங்கிய தண்ணீரிலெல்லாம் எண்ணெய் ஊற்றினார், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். 1905 நவம்பரோடு பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. மலேரியாக் கொசுவை நம் செகந்திராபாத்தில்தான் ரொனால்ட் ராஸ் 1897-ல் கண்டுபிடித்தார் என்பதையும் விடாமல் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் சொன்னேன்: "நாடு பிடிக்க வந்தார்களோ என்னவோ, அமெரிக்கா வந்ததால்தானே இந்த ஊர் பிழைத்தது!"

அவர் டீயைக் குடித்து முடித்தார். ஹாட்ச் விளிம்பில் கழுவியும் போகாத மக்காச்சோளத் தூசி படிந்திருந்தது. அதில் விரலால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் வரைந்தார். "தபால் ஆபீஸ். இது கோல்டு ஜன்னல், இது சில்வர் ஜன்னல். என் தாத்தா இந்தப் பக்கம்" என்று இரண்டாவது சதுரத்தைத் தட்டினார்.

தாத்தா 1907-ல் பார்படோஸிலிருந்து வந்தவர். அந்தச் சின்னத் தீவிலிருந்து மட்டும் ஒப்பந்தத்தில் 20,000 பேர் போல வந்தார்கள். கால்வாயில் இரண்டு சம்பளப் பட்டியல். கோல்டு ரோலில் அமெரிக்க வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு டாலரில் தங்கச் சம்பளம். சில்வர் ரோலில் மேற்கிந்தியத் தீவுகளின் கருப்பர்கள், அவர்களுக்கு உள்ளூர் வெள்ளிக் காசு, மணிக்கு 10 சென்ட். கடை வேறு, பள்ளிக்கூடம் வேறு, தண்ணீர் குடிக்கும் இடம் வேறு. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை கொடுத்தார்கள். தாத்தாவின் வில்லை இன்னும் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, எண்ணையும் சொன்னார். அப்புறம் கேட்டார்: "கொசு வலை அடிச்ச வீடு யாருக்குன்னு உங்க புத்தகத்தில போட்டிருக்கா?"

போட்டிருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தை வேகமாகத் தள்ளியிருக்கிறேன். வராந்தா முழுக்கக் கம்பிவலை அடித்த வீடு கோல்டுக்காரர்களுக்கு. சில்வர் ஆட்களுக்குக் கொட்டகை, பலருக்கு வலையும் கிடையாது. மஞ்சள் காய்ச்சலை ஒழித்ததில் எல்லாரும்தான் பிழைத்தார்கள், அது உண்மை, அவரும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் காலத்தில் பதிவான சாவு 5,609, அதில் ஏறத்தாழ 4,500 மேற்கிந்தியர்கள். நிமோனியா, வெடி விபத்து, மண் சரிவு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முரண்பாடு என்று சொல்ல வேண்டுமானால் சீர்திருத்தக்காரர் ஒரு ஆள், நாடு பிடித்தவர் வேறு ஆள் என்று இருந்திருக்க வேண்டும், அல்லது ஒரே ஆள் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1906 என்ற ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30 அன்று அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போடுகிறார்: உணவிலும் மருந்திலும் கலப்படம் கூடாது, இறைச்சிக் கூடங்களை அரசு சோதிக்கும். இன்றைக்கும் சீர்திருத்தம் என்றால் எல்லாரும் காட்டும் சட்டங்கள். அதே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), அதே வருஷம், அரசு வேலைக்கு எட்டு மணி நேரம்தான் என்ற சட்டம் பனாமாவில் தோண்டும் வெளிநாட்டுக் கூலிகளுக்குச் செல்லாது என்று விலக்கு கொடுத்தது. நவம்பரில் ரூஸ்வெல்ட் நேரிலேயே பனாமா போய், நீராவி மண்வாரி இயந்திரத்தின் சீட்டில் வெள்ளை சூட்டோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். பதவியில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போன முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான். இறங்கிய மண்ணும் 1903-ல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்தபோது, கடலில் போர்க்கப்பலை நிறுத்திப் பத்து மைல் அகலத்துக்கு வாங்கிய மண்.

பெவரிட்ஜ் என்ற இந்தியானா செனட்டர் இதைவிடத் தெளிவான ஆள். 1900 ஜனவரியில் செனட்டில் எழுந்து, அமெரிக்கா பிடித்து வைத்திருந்த பிலிப்பைன்ஸை விடவே கூடாது, தங்களைத் தாங்களே ஆள அந்த மக்களுக்குத் தகுதியில்லை, அங்கிருந்து சீனச் சந்தை பக்கம் என்று பேசினார். அதே மனிதர்தான் 1906-ல் இறைச்சிச் சோதனைச் சட்டத்துக்கு முன்னால் நின்றார். சுரங்கத்திலும் ஆலையிலும் குழந்தைகளை வைத்து வேலை வாங்கக் கூடாதென்று மசோதா கொண்டுவந்து, அது நிறைவேறாமல் போனவரும் அவர்தான். அவருக்கு இதில் எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை. சிகாகோ சேரியும் மணிலாவும் அவர்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி: அழுக்கு, ஒழுங்கில்லை, விவரம் தெரிந்தவன் போய்ச் சரிசெய்ய வேண்டும். சிகாகோக்காரனுக்குக் கோபம் வந்தால் ஓட்டைக் காட்டலாம். மணிலாக்காரனுக்கு அந்த வழி கிடையாது. பிடித்த இடத்திலெல்லாம் அரசியல் சட்டம் முழுசாகச் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1901-ல் சொல்லிவிட்டது.

"ஜேன் ஆடம்ஸை மறந்துவிட்டீர்களே" என்று கமெண்டில் யாராவது வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் நடத்திய அந்த அம்மா ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் இருந்தார், பிலிப்பைன்ஸ் போரைக் கண்டித்துப் பேசினார். எல்லாச் சீர்திருத்தக்காரர்களையும் ஒரே சாக்கில் நான் கட்டவில்லை. ஆனால் 1912-ல் ரூஸ்வெல்ட் புதுக் கட்சி ஆரம்பித்தபோது ஜனாதிபதி வேட்பாளராக அவர் பெயரை வழிமொழிந்ததும் அதே ஜேன் ஆடம்ஸ்தான். அடுத்து "அப்ப வெள்ளைக்காரன் ரயில் விட்டது தப்பா" என்று வருபவருக்கு: நான் கொசு ஒழித்ததைத் தப்பென்று சொல்லவில்லை. தயவுசெய்து முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அந்தக் கப்பலில் இன்னொரு சாட்சியும் இருந்தது. எங்கள் ஆயிலர் (இன்ஜின் ரூமில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆள்) பிலிப்பைன்ஸ்காரர், பத்தாங்காஸ் பக்கம். நன்றாக ஆங்கிலம் பேசுவார். 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பலில் 500-க்கும் மேற்பட்ட அமெரிக்க வாத்தியார்கள் மணிலாவில் வந்து இறங்கி ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததன் தொடர்ச்சிதான் அது. அவர்கள் வந்து நாலே மாதத்தில், அந்த ஆயிலரின் சொந்த மாகாணத்தில், அமெரிக்க ஜெனரல் பெல் என்பவர் கிராமத்து ஜனங்களை முகாம்களில் கொண்டுபோய் அடைத்தார். வெளியே இருந்த நெல்லையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். பள்ளிக்கூடமும் முகாமும் ஒரே அரசாங்கம், ஒரே வருஷம். நான் இதைச் சொன்னபோது ஆயிலர் சிரித்தார். அவர் பாட்டிக்குத் தெரிந்த கதையாம்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு சுட்டது? அந்தக் கப்பலில் என் ரேங்க்கிலேயே ஒரு ஐரோப்பியர் இருந்தார். அதே வாட்ச், அதே பர்னர், அதே கரி. அவர் சம்பளம் என்னுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கான்ட்ராக்ட் காலமும் என்னுடையதில் பாதிதான். ஆயிலர் சம்பளத்தை இங்கே எழுதவே வேண்டாம். கம்பெனிப் பெயர் வேண்டாம், நிறைய இடத்தில் வழக்கம் அதுதான். சைன் ஆன் பண்ணும்போது எனக்கு அது தெரியும், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், தூத்துக்குடி விலைவாசிக்கு அது பெரிய காசு. பார்படோஸ் தாத்தாவுக்கும் 10 சென்ட் என்பது கரும்புத் தோட்டக் கூலியை விடப் பெரிய காசாகத்தான் இருந்திருக்கும். அப்படியிருந்தும் அன்றைக்கு நான் பேசியது கோல்டு ஜன்னலில் நின்றுகொண்டு.

இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் புரியாது. அவர்களுக்குக் கப்பல்காரன் என்றால் டாலரில் குளிப்பவன், இல்லையென்றால் குடிகாரன். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் "மாப்பிள்ளை ஒன்பது மாசம் கடல்ல இருப்பாராமே, பழக்கவழக்கம் எப்படியோ" என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் ஏழு வீடு. அதே வீட்டுக்காரர்கள் இப்போது பையனைக் கப்பலில் சேர்த்துவிடு என்று போன் போடுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

திருத்தம்: சில்வர் ரோலில் வெள்ளைக்காரனே கிடையாதா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த கூலிகள் சில்வர்தான், ஆனால் மணிக்கு 20 சென்ட்.

இன்னொருவர், அந்தப் பெரியவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாமென்றார். அதற்குள் அடுத்த லாக்கான பெத்ரோ மிகேல் வந்துவிட்டது, அவர் வடம் பிடிக்க எழுந்து போனார், நான் இன்ஜின் ரூமுக்கு இறங்கினேன். தாத்தாவின் வில்லை எண் மறந்துவிட்டது. நான்கு இலக்கமா ஐந்தா என்பதுகூட நினைவில்லை.