பழைய கார், பழைய பாகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழில் பழைய கார்க் கேள்விகள் மட்டும். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்ப வழி விட்டார்கள். அந்த இடைவெளியில் கொட்டிலுக்குள் கிடந்ததைத் தூசி தட்டிப் பார்க்கத் தொடங்கியவர்கள் இன்னும் ஓயவில்லை என்று கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டிலுக்குள் அப்பாவின் 1955 மொரிஸ் மைனர் நிற்கிறது, இரண்டு கதவுக் கார். கராஜ்காரர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு இங்கிலாந்திலிருந்து புதுப் பாகம் எடுப்போம், எஞ்சினையும் 1098 சிசிக்கு மாற்றுவோம் என்கிறார். எனக்கு அந்தக் காலத்துப் பாகங்களோடுதான் வேண்டும். எங்கே தொடங்குவது? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கராஜ்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது பூட்டுவது அவருக்குச் சுலபமான வேலை, ஆனால் அப்படிச் செய்தால் கடைசியில் உங்களிடம் மிஞ்சுவது அப்பாவின் கார் இல்லை, அதன் இலக்கத் தகட்டைப் போட்ட இன்னொரு கார்.

முதலில் பொனட்டைத் திறங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் சின்னத் தகடு ஒன்று பூட்டியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாளைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். மூன்று எழுத்து, இரண்டு எண், அப்புறம் தொடர் எண் தெரியும். முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது எழுத்து உடல் வகை: ஏ நான்கு கதவு, பி இரண்டு கதவு, ஆகவே உங்களுடையதில் பி இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ எப்போதோ தகட்டையோ உடலையோ மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது எழுத்து தொழிற்சாலையில் அடித்த நிறம், ஏ என்றால் கறுப்பு. அடுத்து வரும் எண் 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஏற்றுமதிக்காகச் செய்தது. நீங்கள் எந்த நிறம் அடிப்பது என்று குடும்பத்தோடு சண்டை பிடிக்க முதல், அந்த மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்.

அடுத்தது, எந்த 1955? பதிவுப் புத்தகத்தில் இருப்பது இங்கே முதலில் பதிந்த ஆண்டு. இங்கிலாந்தின் கவுலித் தொழிற்சாலையில் செய்து, கப்பலேறி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, விற்பனையாளரிடம் நின்று, ஒருவர் வாங்கிப் பதியும்வரை மாதக்கணக்காகும். மைனரில் இது முக்கியம், ஏனென்றால் 1954 ஒக்டோபரில் முன் கிரில்லையும் டாஷ்போர்டையும் மாற்றினார்கள். அதற்கு முன்னால் செய்த காரில் வேகமானி ஓட்டுநருக்கு நேரே இருக்கும், பிறகு வந்ததில் நடுவில் பெரிய வட்டமாக இருக்கும். 1955இல் பதிந்த கார் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். 'ஐம்பத்தைந்துக்கு இதுதான் சரி' என்று யாராவது நடு வேகமானியைத் தலையில் கட்டப் பார்த்தால் முதலில் தொடர் எண்ணைக் கேளுங்கள். ஒற்றை முன்கண்ணாடியும் 948 சிசி எஞ்சினும் 1956இல் மைனர் 1000 வந்தபோதுதான் வந்தன, ஆகவே உங்கள் காருக்கு நடுவில் பிரிந்த கண்ணாடியும் 803 சிசியும்தான்.

இனிமேல்தான் கழற்றலாம். ஒவ்வொன்றையும் கழற்ற முதல் போனில் படம் எடுங்கள், ஸ்குரூக்களைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள், பழைய இரும்புக்காரர் தெருவில் கூவிக்கொண்டு வரும் நேரம் படலையைப் பூட்டி வையுங்கள். பகிடி இல்லை. உடைந்தது, துருப்பிடித்தது என்று கராஜில் ஒதுக்கி வைக்கும் பெட்டிக்குள்தான் நீங்கள் தேடுகிற அந்தக் காலத்துப் பாகம் கிடக்கும்.

கதவுத் தூணிலிருந்து எழும்பும் சிக்னல் கையையே எடுங்கள். வேலை செய்யவில்லை என்று அதைப் பிடுங்கி ஓட்டையைப் பட்டி வைத்து மூடிவிட்ட மைனர்கள் இந்த ஊரில் எத்தனையோ. அநேகமாக அதில் பெரிய பழுது ஒன்றும் இருக்காது. கை திரும்பும் ஊசியில் பழைய கிறீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும், கைக்குள் போகும் மெல்லிய வயர் மடிந்த இடத்தில் அறுந்திருக்கும், பல்பு எரிந்திருக்கும். துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, வயரைப் புதிதாகப் பற்றவைத்தால் எழும்பும். ஆனால் கொழும்புக் காலி வீதியில் பின்னால் வருகிற முச்சக்கரவண்டிக்காரருக்கு அந்தக் கை என்னவென்றே தெரியாது. அதனால் பின் விளக்குக்குள் வெளியே தெரியாமல் மினுங்கும் சிக்னலையும் சேர்த்து வையுங்கள். இதில் நான் பழமைவாதி இல்லை.

பம்பர், கதவுக் கைப்பிடி எல்லாம் பழையதையே குரோம் பூசுங்கள். இப்போது வருகிற பிரதிப் பாகங்களில் பலவற்றின் தகடு மெல்லியது, திருகும்போதே வளைகிறது. பூசுகிறவரிடம் பழைய பூச்சை முழுவதும் அகற்றி, செம்பு போட்டு மினுக்கி, நிக்கல் போட்டு, அதற்கு மேல்தான் குரோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். கடற்காற்றில் செம்பும் நிக்கலும் ஒழுங்காக இல்லாத குரோம் நிற்காது, கொஞ்ச நாளிலேயே அடியிலிருந்து புள்ளி போடத் தொடங்கும்.

இறப்பர் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு புதிது வாங்குங்கள்: பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் இறப்பர், பெற்றோல் குழாய், கண்ணாடி பீடிங். பழைய பிரேக் ஹோஸ் வெளியே பார்க்க நல்லாயிருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, சாஸிக் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால்தான் எண்ணெய் விடும் மூடியே தெரியும், அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே துருப்பிடித்திருந்தால் எறிய வேண்டாம், நல்ல லேத் கடையில் துளையைப் பெருப்பித்துத் துருப்பிடிக்காத குழாய் அடித்துத் தருவார்கள்.

உண்மையான செலவு அடித்தளத்தில்தான். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற தகட்டுப் பகுதி, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே ஓடும் பெட்டிச் சட்டம், இந்த மூன்றிலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் பின்பக்கம் வந்து பூட்டுவது அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான். அது உக்கியிருந்தால் பெயின்ற், குரோம், இருக்கை ஒன்றைப் பற்றியும் பேச வேண்டாம், காசு முழுவதும் அங்கேதான் போக வேண்டும். இன்னொன்று, முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து ஒரு நாள் சக்கரம் மடிந்து விழும், மைனரின் பேர்போன நோய் அது. தகடு மாற்ற வேண்டி வந்தால் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்துதான் கதி என்று நினைக்காதீர்கள்: 1990களில் மைனர் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

எஞ்சினுக்கு வருவோம். 803 கொஞ்சம் மெதுவானது, உண்மை. ஆனால் காரோடு வந்த அதே எஞ்சின் இன்னும் இருந்தால் அதைக் கழற்றி விற்றுவிட்டு 1098 போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவே முந்தி ஒரு காலத்தில் 948 போட்டு ஓட்டியிருந்தால் அது வேறு கதை, அது அந்தக் காரின் இலங்கை வாழ்க்கை, அப்படியே விடுங்கள். எப்படியானாலும் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்த வேண்டும், மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். எஞ்சினைத் திறக்கும் அன்றே சிலிண்டர் ஹெட்டில் வால்வு வந்து உட்காரும் இடத்தில் கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிடுங்கள். 2002இல் ஈயப் பெற்றோல் இங்கே நின்றுபோனது, பழைய இரும்பு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் காவலாக இருந்தது. வளையத்தை வெளியே யாரும் பார்க்கப் போவதில்லை.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்கிறார்கள். அந்தக் காலத்துப் பாகம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உங்கள் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள், படத்தை அல்ல. மின் பாகமாக இருந்தால் வேலை சுலபம். லூக்காஸ் நிறுவனம் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஹோர்ன் என்று பலவற்றில் செய்த மாதத்தையும் ஆண்டையும் சின்னதாகக் குத்தியிருக்கும். '7 55' என்று இருந்தால் 1955 ஜூலை. உங்கள் கார் அதற்குக் கொஞ்ச மாதம் பிந்தியது என்றால் அதுதான் தேடுகிற பாகம். கடைக்காரருக்கே இது தெரியாது, தெரிந்ததுபோல் முகத்தைக் காட்டாமல் விலையைப் பேசுங்கள். பித்தளை, வார்ப்பிரும்புப் பாகங்களைக் கல்லில் தட்டிக் கேளுங்கள், வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப் போயிருக்கும். அப்புறம் நட்டுத் திருகும் சாவி (ஸ்பானர்): ஐம்பதுகளின் முன்பகுதிவரை வந்த பல ஆங்கிலக் கார்களில் விட்வேர்த் அளவு நட்டுகள் உண்டு. மில்லிமீட்டர் சாவியை வைத்துத் திருகினால் மூலை மழுங்கும், அந்த நட்டைப் பிறகு உளியால்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்தில் பெரியப்பா ஓட்டின ஒஸ்டின் ஏ40 சொமசெட்டை தெகிவளைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார். புகைக்குது. ஜப்பான் எஞ்சின் போடச் சொல்லுகிறார்கள். போடலாமா? (தெகிவளை வாசகர்)

பதில்: போடாதீர்கள் தம்பி. பெற்றோலே கிடைக்காத அந்தத் தடைக் காலத்தில் ஒரு மிடறு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடின எஞ்சின் அது. அதை இரும்புக்குப் போட எப்படி மனம் வரும்?

புகைக்குக் காரணம் சொல்கிறேன். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாது. எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியிலிருக்கும் எஞ்சின் எண்ணெயையும் தண்ணியாக்கிவிடும். ஆகவே சிலிண்டரும் ரிங்கும் தேய்ந்திருக்கும், பெயரிங்கும் தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி கட்டியாகப் பிடித்திருக்கும். எல்லாமே திருத்தக்கூடிய தேய்மானம்தான். சிலிண்டரின் துளையைப் பெருப்பித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கை அரைத்து, கார்புரேட்டரைக் கழுவினால் அந்த 1200 சிசி எஞ்சின் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். கார்புரேட்டரிலோ குழாயிலோ மண்ணெண்ணெய்க்காகப் பெரியப்பா பூட்டிய கூடுதல் டப்பா, குழாய், வால்வு ஏதும் இருந்தால் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். இங்கிலாந்தின் எந்தப் பாகப் புத்தகத்திலும் அது இருக்காது, ஆனால் உங்கள் காரில் அதுவும் அந்தக் காலத்துப் பாகம்தான்.

பிரேக் பாகம் தேடும்போது, சொமசெட்டுக்கு முன்னால் வந்த ஏ40 டெவொனின் பாகத்தைத் தந்தால் வாங்காதீர்கள். டெவொனில் பின் சக்கரத்துக்குக் கம்பி இழுவை, சொமசெட்டில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக்.

கேள்வி: என் காரில் பற்றரியின் பொசிட்டிவ்தான் உடலோடு பூட்டியிருக்கிறது. அதை மாற்றி ஓல்டர்னேட்டர் போடுவது பாவமா? (வத்தளை வாசகர்)

பதில்: பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் தேவையா என்று பாருங்கள். பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் பழைய லூக்காஸ் டைனமோ அதன் முழு வேகத்திலேயே 20 அம்பியர் சொச்சம்தான் தரும், வண்டி நின்றபடி இருந்தால் அநேகமாக ஒன்றும் தராது. ஞாயிறு காலை ஓட்டத்துக்கு அது தாராளம். தினமும் மழைக்குள், விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு பேலியகொடை நெரிசலில் நிற்பவர் என்றால் ஓல்டர்னேட்டர் போடுங்கள், டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள், விற்காதீர்கள். பொசிட்டிவை உடலோடு பூட்டியபடியே வைத்திருப்பவர்கள் எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், ரேடியோ எதையும் யோசிக்காமல் பூட்ட வேண்டாம், எரிந்துவிடும்.

கேள்வி: மைனருக்கு 5.00-14 டயர் கிடைக்கவில்லை. ரேடியல் போட்டால் பழைய கார்க் காட்சியில் மதிப்புக் குறையுமா? (கல்கிசை வாசகர்)

பதில்: கொஞ்சம் குறையலாம். 145 அகல 14 அங்குல ரேடியல் போடுங்கள், ஈர வீதியில் பிடிக்கும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் பழைய டயர் என்று கலந்து போட்டால் வளைவில் பின்பக்கம் திடீரென்று வழுக்கிவிடும்.

கேள்வி: இருக்கைக்குள் போட ஸ்பொஞ்ச் நல்லதா? இலக்கத் தகட்டையும் பழைய மாதிரி எழுதலாமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: வெறும் ஸ்பொஞ்ச் கொழும்பு வெக்கையில் பொடியாகிப் போகும். இறப்பர் சேர்த்த தும்பு மெத்தை இங்கேயே செய்கிறார்கள், ஸ்பிரிங்குக்கு மேல் அதைப் போட்டு, மேலே மட்டும் மெல்லிய ஸ்பொஞ்ச் வைத்து றெக்சினோ தோலோ தைத்தால் உட்காரும் உயரமும் பழையபடி வரும்.

தகட்டில் உங்கள் புத்தகத்தில் இருக்கும் இலக்கத்தைத்தான் எழுத வேண்டும், கறுப்பில் வெள்ளை எழுத்து என்று பழைய பாணிக்கு ஆசைப்பட்டாலும் இலக்கத்தில் கை வைக்க முடியாது. முன்னைய கார்களுக்கு சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளில் எடுத்த ஈஎன், ஈஎல், சீவை போன்ற வரிசைகள். சிங்கள ஸ்ரீ எழுத்து 1950களின் பிற்பகுதியில் வந்து, அதன்மேல் தார் பூசிய கதையெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கார் அதற்கு முந்தியது என்றால் ஈஎன் தகட்டைத் தைரியமாகப் போட்டுக்கொண்டு ஓடுங்கள், பொலிஸ் மறித்தால் காட்டப் பதிவுப் புத்தகத்தின் பிரதி ஒன்று டாஷ்போர்டுக்குள் இருக்கட்டும்.