தலைக்காயமும் தரகர் கையெழுத்தும்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் வசிக்கிறோம். இருசக்கர வாகன விபத்தில் என் கணவருக்குத் தலையில் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் மறதியும் கோபமும் அதிகம், வேலைக்குப் போக முடியவில்லை. ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொன்று சொல்கிறார். மருத்துவமனையில் அறிமுகமான ஒருவர், கிடைப்பதில் 30 சதவீதம் கொடுத்தால் நஷ்டஈடு வாங்கித் தருவதாகக் கையெழுத்துக் கேட்கிறார். நான் யாரிடம் போவது?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்களோ உங்கள் கணவரோ அந்த நபர் நீட்டும் எந்தத் தாளிலும், குறிப்பாக எழுதப்படாத தாளில், கையெழுத்திட வேண்டாம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கே விதிகளின்படி கூடாது என்னும்போது, தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? அவருக்கு வேண்டியது சீக்கிரம் சமரசமாகும் வழக்கு. தலைக்காயத்தின் முழுப் பாதிப்போ பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். அதே சமயம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்வதால், நீங்கள் காத்திருக்கவும் கூடாது. மனுவை இப்போதே போடுங்கள், முடிப்பதற்கு அவசரப்படாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைத்தால், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் நன்றாகப் பேசுவதால், அவர் போடும் கையெழுத்து செல்லும் என்றே எல்லோரும் நினைப்பார்கள். படித்ததைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறார், பின்விளைவை எடைபோட முடியவில்லை என்றால், அதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, அவர் சார்பில் நீங்கள் காப்பாளராக மனுச் செய்ய வேண்டும். மாறாக, நிதானமாக விளக்கினால் புரிந்துகொள்கிறார் என்றால், அவர் முடிவெடுக்கும் உரிமையை உறவினர்கள் பறிக்கக் கூடாது. காலையில் தெளிவாக இருப்பவர் மாலைச் சோர்வில் எதற்கும் தலையாட்டிவிடுவார் என்பதால், இத்தகைய பேச்சைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவே திரும்பாதவர்களின் குடும்பம் சொத்தை விற்கவோ வங்கிக் கணக்கை இயக்கவோ உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பது இந்த நாட்டின் அவலம். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

ஊனச் சான்றிதழில் இன்னொரு பொறி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிட்டும், மூளைக்காயத்துக்குத் தனிப் பெயர் தரவில்லை. கை கால் இயங்குவதைப் பார்த்துக் குறைந்த சதவீதம் போட்டு அனுப்பிவிடுவார்கள். எனவே மறதியையும் நடத்தை மாற்றத்தையும் மருத்துவ உளவியலாளரிடம் சோதித்து, அந்த அறிக்கையுடன் செல்லுங்கள். உடல் ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே கூறிவிட்டதை உங்கள் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது; வீடு திரும்பியவருக்கு அறுவை சிகிச்சை, மனநலம், ஊனச் சான்று, வழக்கு ஆகிய நான்கையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பாளர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. ஒரு துறை மற்றொரு துறையின் சீட்டைப் படிப்பதுகூட இல்லை. ஆகவே மறுவாழ்வு மருத்துவர் ஒருவரைத் தலைமை மருத்துவராக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சொல்வதையெல்லாம் அவரிடம் காட்டி முடிவெடுங்கள். உங்களுக்கு அருகில் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் உள்ளது, சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் உள்ளது. வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை வேண்டுமானால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அறிக்கை, ஸ்கேன் படங்கள், முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அசலை யாரிடமும் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுங்கள். வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால், கணவர் நன்றாக இருக்கிறார் என்று நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.